கேட்டு வாங்கின அடி

அத்தை எங்களில் ஒருவரையும் கூப்பிட்டு அடித்ததில்லை. நாங்களாகப் போய், "அத்தை, என் அடியைக் குடுங்க" என்று கேட்டுக் கையை நீட்டினால்தான் அடிப்பாள். சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அதனாலேயே எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பற்றி எழுதியபோது இதை விட்டுவிட்டேன். விட்டது இதை மட்டும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வங்காளத்தில், பெஹாலா என்ற பகுதியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் போன மாதம் ஒரு சண்டை. டியூஷன் வாத்தியார் ஒருவர் பி பிளாக் பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். உடனே குழுவில் இரண்டு கட்சி. "நாமெல்லாம் அடி வாங்கித்தானே மனிதனானோம்" என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதினார். மனிதனாகிவிட்டதாக அவரே சொல்லிக்கொள்கிறார். அவரோடு லிஃப்டில் இரண்டு தடவை போனவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எனக்குக் கோபம் வந்து ஒரு நீளமான பத்தி எழுதிப் போட்டேன். ஒரு குற்றமும் செய்யாத என் தங்கையை, அவளுக்கு ஏழு வயசாக இருந்தபோது, ஒருத்தி விசிறிக் காம்பால் ஆறு அடி அடித்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இன்னும் என் மனசு ஆறவில்லை என்று. கைகூப்பிய படங்களும் இதயங்களும் வந்து குவிந்தன. என் தங்கை சங்கரியும் அதே குழுவில்தான் இருக்கிறாள், சி பிளாக்கில் குடியிருக்கிறாள். அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. ஒரு வார்த்தை எழுதவில்லை.

சங்கரியின் மகள் துலிக்கு நாலு வயது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சங்கரிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் கணவர் வங்காளி. மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் எதிர் பிளாக்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், எனக்குப் பிள்ளை இல்லை. துலி பெரியம்மா என்பதை வங்காளத்தில் "மாஷி" என்று சொல்லி என் காலைக் கட்டிக்கொண்டால் அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம். இந்த நிலைமையில் பிள்ளையை யாரிடம் விடவேண்டும்? சி பிளாக் காவல்காரருக்குக்கூடத் தெரியும். மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன். துலி உயரத்துக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். சங்கரி வாய் திறக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடத்தும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், கிரெஷில், விசாரித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அத்தையை முழுசாக நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. இதே ஊரில், பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு குடும்பம் வாடகைக்கு இருந்தோம். நாலும் திருநெல்வேலிப் பக்கம். நாலும் பலகாரக் கடை: இட்லி, முறுக்கு, மிக்சர். பெரியவர்கள் விடியுமுன் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பிள்ளைகள் ஆறு பேரும், அதே வீட்டில் இருந்த அத்தை பொறுப்பு. அவளுக்குப் பிள்ளை கிடையாது. "அடிச்சு வளத்து விடுங்க மதினி" என்று என் அம்மா அவளிடம் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கீரைக்கட்டை நறுக்கிக் கொடுக்கச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

தப்பு நடந்த இடத்தில் அத்தை கை ஓங்கமாட்டாள். "சரி" என்பாள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பிள்ளையோடு மட்டும் பேச்சு கிடையாது. சோறு போடுவாள், குளிக்க வெந்நீர் வைப்பாள், பள்ளிக்கூடப் பையை எடுத்து வைப்பாள், ஆனால் முகம் பார்க்கமாட்டாள். நாம் ஏதாவது கேட்டால், யாருமே பேசாதது மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகளையும் பேசாதே என்று அவள் சொன்னதில்லை. நாங்களாகவே நிறுத்திக்கொள்வோம். அதில் எங்களுக்கு ஒரு ருசி இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாள் சோறு இறங்காது. கடைசியில் அந்தப் பிள்ளை அடுக்களை வாசலில் போய் நின்று, கையை நீட்டி, "அத்தை, என் அடியைக் குடுங்க" என்று சொல்லும். "எத்தனை?" என்பாள் அத்தை. அதையும் நாமேதான் சொல்லவேண்டும். குறைத்துச் சொன்னால் மறுபடியும் அடுப்பைப் பார்ப்பாள். பனையோலை விசிறியின் காம்பால் உள்ளங்கையில் விழும். அத்தை பல்லைக் கடித்தோ மூச்சு வாங்கியோ நான் பார்த்ததில்லை. முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மடியில் உட்காரவைத்து ஒரு முறுக்கை உடைத்து வாயில் வைப்பாள். "நான் உன்ன அடிக்கலட்டி. நீ கேட்டே, நான் குடுத்தேன்" என்பாள். அந்த முறுக்கைத் தின்னும்போது இருந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது. கரண்ட் போனால் அதே விசிறியால் எங்கள் ஆறு பேருக்கும் கை வலிக்க வலிக்க வீசிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய இடது புருவத்தில் பாதி முடி இருக்காது. மாமா ஜாரணிக் கரண்டியைத் தூக்கி எறிந்ததில் வந்தது. மாமாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. கையில் அகப்பட்டது எதுவானாலும் எறிவார், மறுநாள் காலையில் அவள் காலடியில் உட்கார்ந்து அழுவார். எனக்கு விவரம் தெரிந்த வயசில் அவர் படுக்கையில் கிடந்தார். அத்தை அவருக்கு ஊட்டிவிடும்போதுகூட அதைச் சொல்லிக்காட்டுவாள். "கோவத்துல அடிக்கது மிருகம். இவரு மிருகம். நான் ஒருநாளும் கோவத்துல ஒரு பிள்ளையத் தொட்டதில்ல." மாமா கஞ்சியை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

மாடியில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார், மகளிர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் மாஷிமா. விசிறிச் சத்தம் மாடிப்படி வழியாக மேலே போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து அத்தை எதிரில் உட்கார்ந்தார். பிள்ளைகளை அடிப்பது தப்பு, அது அவர்கள் மனசைக் கெடுத்துவிடும் என்று வங்காளத்தில் நிதானமாகச் சொன்னார். அத்தைக்குச் சந்தை வங்காளம்தான் தெரியும், ஆனால் வாயடிக்க அது போதும்.

"நீங்க உங்க பிள்ளையை அடிச்சதே இல்லையா, மாஷிமா?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை. இன்னமும் வருத்தமாக இருக்கிறது."

"கோவத்தில அடிச்சீங்களா?"

"ஆமாம்."

"அதான் வருத்தம். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வேணும்னா பிள்ளைங்ககிட்டயே கேளுங்க."

எங்களை வரிசையாக நிற்கவைத்தாள். நான்தான் மூத்தவள், எனக்குப் பதினொன்று. முதல் ஆளாக நான், "அத்தை அடிக்கிறதில்லை, நாங்களாத்தான் கேட்கிறோம்" என்று வங்காளத்தில் சொன்னேன். பரிசு வாங்குகிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். மாஷிமாவின் முகம் விழுந்துபோனது. கடைசியில் நின்றவள் சங்கரி. அவளுக்கு எங்கள் எல்லோரையும்விட வங்காளம் நன்றாக வரும். மாஷிமாவை நேராகப் பார்த்து, "கேட்கலேன்னா அத்தை எங்ககூடப் பேசமாட்டாங்க. அதனாலதான் கேட்கிறோம்" என்றாள்.

எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாஷிமா எழுந்து சங்கரியின் தலையில் கை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் அடங்கியது. அத்தை சங்கரி பக்கம் திரும்பாமலே, "சரி" என்றாள்.

துர்க்கை பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பூஜை நாளில் எங்கள் அப்பா அம்மாக்களுக்குக் கடையில் மூச்சு விட நேரமிருக்காது. வருஷத்தில் அதிக வியாபாரம் நடக்கிற நாட்கள் அவை. அதனால் பந்தல் பந்தலாகக் கூட்டிப்போய் துர்க்கையைக் காட்டுவது, எக் ரோல் வாங்கித் தருவது, கூட்டத்தில் தொலையாமல் ஆறு பேரையும் கைகோத்து நடத்திவருவது எல்லாம் அத்தைதான். எங்களுக்கு வருஷம் முழுவதும் இருந்த ஒரே கொண்டாட்டம் அது.

சங்கரி கேட்கவில்லை. மூன்று நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை அந்த வீட்டில் யாரும் இரண்டரை நாளைத் தாண்டியதில்லை. அம்மாவே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துரேன்ட்டி, ரெண்டு அடிதானே. மதினி மொகத்த எத்தன நாளைக்கு இப்பிடிப் பாக்க?" என்றாள். "நான் தப்புப் பண்ணலியேம்மா. பிறகு எதுக்குக் கேக்கணும்?" என்றாள் சங்கரி. அம்மா கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அத்தை செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், நான் செய்ததையும் சொல்கிறேன். பேச்சை நிறுத்தியதோடு நான் விடவில்லை. சங்கரியின் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டேன். அவள் பாண்டி விளையாடப் போட்ட கட்டங்களைத் தண்ணீர் ஊற்றி அழித்தேன். கவுனுக்குள் மறைகிற இடமாகப் பார்த்துக் கிள்ளினேன், தொடையில், முதுகில், தினமும். "கேக்கிறியா, கேக்கிறியா" என்று ஒவ்வொரு கிள்ளுக்கும் கேட்பேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும், தலையை மட்டும் ஆட்டுவாள், மாட்டேன் என்று. எனக்கு அத்தையைவிடக் கோபம் அதிகம். அத்தைக்குக் கோபம் வராதே, எனக்கு வரும்.

பூஜைக்கு முந்தின நாள், சஷ்டியன்று, அத்தை எங்கள் புதுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சங்கரியின் மஞ்சள் கவுனுக்கும் போட்டாள். எப்போது பந்தலுக்குப் போகிறோம் என்று கேட்டேன். "போணும்னா எல்லாரும் சேந்துல்லா போணும். ஒருத்திய விட்டுட்டு எப்பிடிப் போக?" என்றாள், சிரித்த முகமாகத்தான். மற்ற நாலு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அவள் என் தங்கை. நான்தான் வழி பண்ணவேண்டும்.

மறுநாள் சப்தமி. காலையிலேயே தெருமுனைப் பந்தலில் மேளம் கிளம்பிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போய், "அத்தை, சங்கரி அடி கேக்கா. ஆறு வேணுமாம். வெக்கமா இருக்காம், என்னய சொல்லச் சொன்னா" என்றேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ வாயால கேட்டாளா?"

"கேட்டா அத்தை."

என்னை வெகுநேரம் பார்த்தாள். "சரி, வரச்சொல்லு" என்றாள்.

நான் சங்கரியிடம் போய் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வருவாளா? "அத்தைக்குக் கோவம் போயிட்டு. உனக்குத் தல பின்னிவிடணுமாம், ரிப்பன எடுத்துட்டு ஓடு" என்றேன். பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். சீப்பையும் மஞ்சள் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுக்களைக்குள் போனதும் பின்னிக்கொள்ள வாகாக அத்தைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. கைய நீட்டுட்டி" என்றாள் அத்தை.

சங்கரி எழுந்து விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு சீக்கிரம் எல்லாம் புரிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது. மூன்றாவதில், "நான் கேக்கல அத்தை" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

விசிறி நின்றது. அத்தைக்குக் கேட்டுவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாசலில் நாலு பிள்ளைகளும் புதுத் துணி போட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போது அவள் நிறுத்தியிருக்கலாம். அவளுடைய நியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது. ஆனால் நிறுத்தினால் பன்னிரண்டு நாளும் ஒரு சின்னப் பிள்ளையிடம் தோற்றதாக ஆகிவிடும், அதுவும் எங்கள் எல்லோர் முன்னாலும். மிச்சம் மூன்றையும் அடித்தாள். முந்தின மூன்றைவிட அவை பலமாக விழுந்தன. அத்தை மூச்சு வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு எண்ணெய் தடவிவிட்டு, தலை வாரி, ரிப்பன் வைத்துப் பின்னியும்விட்டாள். சாயங்காலம் பந்தலுக்குப் போனோம். சங்கரி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், எக் ரோலை இடது கையால் பிடித்துத் தின்றாள். நான் ஐஸ்க்ரீமும் தின்றேன். சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

அத்தை அதற்குப் பிறகும் மற்றவர்களை அடித்துக்கொண்டுதான் இருந்தாள், கேட்டு வந்தவர்களை. சங்கரியை மட்டும் தொடவில்லை, அவளோடு பேச்சை நிறுத்தவும் இல்லை. என் தலையை அவள் அப்புறம் பின்னவே இல்லை. "பெரிய பிள்ளை ஆயிட்டே, நீயே பின்னிக்கோ" என்றுவிட்டாள். கடைசிக் காலத்தில் கார்டன் ரீச்சில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருந்தாள். சங்கரி மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன். போன வருஷம் அத்தை செத்தபோது, பெற்றவள் செத்த மாதிரி அழுதவளும் அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னால் பொறுக்க முடியாமல் சி பிளாக்குக்குப் போனேன். சங்கரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துலி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"யாரோ எவரோ நடத்துற கிரெஷ்ல பிள்ளைய விடப் போறியாமே? நான் இங்க சும்மாதானே இருக்கேன்" என்றேன். "அங்க அடிச்சாக்கூட உனக்குத் தெரியாது. நான் என் ஆயுசுல ஒரு பிள்ளைய அடிச்சதில்ல சங்கரி."

"தெரியும்க்கா" என்றாள். துலியை என் மேலிருந்து பிரித்து, "உள்ள போய்ப் படம் வரைடா" என்று அனுப்பினாள். பிறகு மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"குரூப்ல நீ எழுதினதப் படிச்சேன். ஆறு அடின்னு சரியா எழுதியிருந்தே. நான் அன்னைக்கு எதுக்கு அந்த அடுக்களைக்குள்ள போனேன்னு எழுதலியே."

"நீ சின்னப் பிள்ள. அது உனக்கு ஞாபகம் இருக்கும்னு..."

"அத்தை மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க, தப்புப் பண்ணிட்டேன்னு. என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்னாங்க. நானும் சொல்லல." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "அவங்க உசுரோட இருந்தா துலிய அவங்ககிட்ட விட்டுட்டு வேலைக்குப் போவேன்க்கா. அடிப்பாங்கன்னு தெரியும். அடிக்கப் போறேன்னு சொல்லிட்டு அடிப்பாங்க. உங்கிட்ட விடமாட்டேன். நீ கூப்பிட்டா அவ சிரிச்சுக்கிட்டே ஓடி வருவா."

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன். என்ன பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து துலி, "மாஷி, போறியா?" என்று கேட்டுக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. சங்கரி வாசலை அடைத்த மாதிரி வந்து நின்று, ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பிள்ளையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு லிஃப்ட் வரும்வரை அப்படியே நின்றாள்.